பிரித்தானியாவில் விழா மேடைக்குக் கம்பியில்லா மைக்: உரிமம் முதல் ஒலித்தரம் வரை

தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா, பிள்ளையின் அரங்கேற்றம், பட்டிமன்றம் என்று ஏதோ ஒன்றுக்கு "மைக் பொறுப்பு உங்களுடையது" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். அந்தப் பொறுப்பு முதன்முதலாக என் தலையில் விழுந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் மைக்கை எப்படி இயக்குவது என்பது மட்டுமே. காலை ஒத்திகையில் நான்கு கம்பியில்லா மைக்குகளும் ஒரு குறையுமின்றி வேலை செய்தன. மாலையில் மண்டபம் நிறைந்தது. பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்த ஏழு வயதுச் சிறுமி "அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கியதும் ஒலி துண்டு துண்டாக அறுந்து, இடையிடையே பொரி பொரிப்பது போன்ற சத்தம் எழுந்தது. பிள்ளை மூன்று முறை தொடங்கிப் பார்த்தாள். பிறகு மைக்கைத் தரையில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் குரலிலேயே பேசி முடித்தாள். காலையில் சரியாக இருந்தது மாலையில் ஏன் கெட்டது என்பதற்கு விடை தேடப் போய்த்தான் கீழே உள்ளவற்றையெல்லாம் கற்றுக்கொண்டேன். இங்கே சொல்லும் விதிகள் ஐக்கிய இராச்சியத்துக்கு உரியவை. வேறு நாட்டில் இருப்பவர்கள் அதிர்வெண்களையும் உரிம விதிகளையும் அங்குள்ளபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. எத்தனை மைக்குகளுக்குக் கம்பி தேவையில்லை என்பதை முதலில் எண்ணுங்கள்

நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்துக்கொண்டு, பேசும்போதோ பாடும்போதோ உண்மையிலேயே நடமாடுகிறவர்கள் யார் என்று மட்டும் குறியுங்கள். பட்டிமன்றத்தில் நடுவரும் இரண்டு அணிகளுமாக ஏழு பேர் இருந்தாலும், பேச வருகிறவர் ஒரே மேசையின் முன்தான் நிற்கிறார். அங்கே கம்பி மைக் போதும். அரங்கேற்றத்தில் நட்டுவனார், பாடகர், மிருதங்கக் கலைஞர் ஆகிய அனைவரும் ஓரிடத்தில் அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் கம்பிதான் சிறந்தது. அறிவிப்பாளருக்கு ஒன்று, நாடகப் பிள்ளைகளுக்கு இரண்டு அல்லது மூன்று, கைமாற்றிக் கொடுக்க ஒன்று என்று கணக்கிட்டால் பெரும்பாலான விழாக்கள் நான்கு கம்பியில்லா மைக்குகளில் முடிந்துவிடும். ஒவ்வொரு கூடுதல் மைக்கும் மற்ற எல்லா மைக்குகளுக்கும் தொல்லை கொடுக்கக்கூடிய ஒரு சிறிய வானொலி நிலையம் என்பதை 6ஆம் படியில் பார்ப்போம்.

2. வாங்கும் முன், வாடகைக்கு எடுக்கும் முன், அதிர்வெண்ணை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான். கடையில் விலையையும் தோற்றத்தையும் பார்க்கிறோம். பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மெகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த எண்தான் உங்களுக்கு உரிமம் வேண்டுமா, எத்தனை மைக்குகளை ஒன்றாக இயக்கலாம், யாருடைய அலைகள் குறுக்கே வரும் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது.

சமூக நிகழ்ச்சிகளுக்கு நடைமுறையில் பயன்படும் வழிகள் சிலவே.

863 முதல் 865 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளதை 70ஆம் சேனல் என்பார்கள். இதற்கு உரிமம் வேண்டாம்; மலிவான கருவிகள் பலவும் இதில்தான் வருகின்றன. இடம் 2 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே என்பதால் மூன்று அல்லது நான்கு மைக்குகளுக்கு மேல் தாங்காது. அதைவிடப் பெரிய சிக்கல் அதன் அண்டை வீடு. 832 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில்தான் 4ஜி கைபேசிகள் கோபுரத்தை நோக்கி அலைகளை அனுப்புகின்றன. மைக்கின் சக்தி 10 மில்லிவாட். கைபேசி, கோபுரம் எட்டாத கட்டடத்துக்குள் சிக்கிக்கொண்டால், 200 மில்லிவாட் வரை உயர்த்திக் கத்தும். எங்கள் சிறுமிக்கு நேர்ந்தது இதுதான் என்று பின்னால் புரிந்தது. காலையில் மண்டபம் காலி. மாலையில் முன்வரிசைப் பெற்றோர் அனைவரும் கைபேசியை உயர்த்திப் பிடித்து ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு நேரலையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். மைக்கின் அலையை வாங்கி ஒலியாக்கும் எங்கள் ரிசீவரோ மேடையின் கீழே, அவர்களுக்கு இரண்டு மீட்டர் தள்ளி இருந்தது.

606.5 முதல் 613.5 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது 38ஆம் சேனல். இதற்கு உரிமம் வேண்டும். ஆனால் ஒரே உரிமத்தை வைத்துக்கொண்டு நாடு முழுவதும் எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். 7 மெகாஹெர்ட்ஸ் இடம் இருப்பதால், தரமான கருவியென்றால் எட்டு முதல் பத்து மைக்குகள் வரை ஒன்றாக இயங்கும். தொலைக்காட்சியும் கைபேசியும் இங்கே இல்லை. இது பொதுப் பகிர்வுச் சேனல் என்பதை மட்டும் மறக்கக் கூடாது: பக்கத்துத் தேவாலயமும் அடுத்த தெரு நாடக மன்றமும் இதே சேனலில் இருந்தால், அவர்களை விலகச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை, நீங்களே வேறு அதிர்வெண்ணுக்கு நகர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கும் உரிமம் வேண்டாம். ஆனால் அதுதான் வைஃபையும் புளூடூத்தும் குடியிருக்கும் இடம். ஒரு வகுப்பறையில் இரண்டு மைக்குகளுக்கு நன்றாக இருக்கும். முந்நூறு பேர் கைபேசியுடன் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் நான் அதை நம்ப மாட்டேன். 1785 முதல் 1805 மெகாஹெர்ட்ஸ் வரையும் உரிமமின்றிக் கிடைக்கிறது. அலைநீளம் குறைவாதலால் மனித உடல் அந்த அலையை எளிதாக மறைத்துவிடும். ஆன்டெனாவை மேடைக்கு அருகே கொண்டுவர முடிந்தால் அது மோசமான தெரிவன்று.

இங்கே மூன்று பொறிகள் உள்ளன. முதலாவது, ஊரிலிருந்து வரும் கருவி. சென்னை ரிச்சி தெருவில் நல்ல விலைக்குக் கிடைத்தது என்று உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். அது 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குவதாக இருந்தால் இங்கே பயன்படுத்த முடியாது. 694 முதல் 790 வரையிலான அந்தப் பகுதி 2020 மே மாதம் முதல் மைக்குகளுக்கு மூடப்பட்டு, கைபேசிச் சேவைக்குப் போய்விட்டது. இரண்டாவது, அமெரிக்கக் கருவி. அங்கே உரிமமின்றிப் பயன்படும் 902 முதல் 928 வரையிலான பகுதி இங்கே மைக்குகளுக்கு உரியதன்று. வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசியின் நுட்பத்தில் இயங்கும் டெக்ட் வகை மைக்குகளும் அப்படியே: அங்கே 1920 முதல் 1930 வரை, இங்கே 1880 முதல் 1900 வரை. மூன்றாவது, இணையத்தில் மிக மலிவாக விற்கப்படும் பழைய கருவிகள். 854 முதல் 862 வரையிலான பழைய 69ஆம் சேனல் கருவிகள் இன்னும் சந்தையில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவற்றைத் தொடாதீர்கள்.

3. உரிமம் எடுத்தல்

38ஆம் சேனலுக்கான உரிமத்தை, அலைவரிசைகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம்; முகவர் யாரும் தேவையில்லை. கம்பியில்லா மைக்குக்கான பகிர்வு உரிமம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் எடுத்தபோது ஆண்டுக் கட்டணம் 75 பவுண்டு; பணம் கட்டும் முன் தற்போதைய கட்டணத்தைப் பக்கத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டணம் மைக்கின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று: ஒன்று வைத்திருந்தாலும் எட்டு வைத்திருந்தாலும் ஒரே உரிமம்தான்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: உரிமம் யார் பெயரில் இருக்க வேண்டும் என்ற முடிவு, அஞ்சல் முகவரி, நிலைத்த மின்னஞ்சல் முகவரி, பணம் கட்டும் அட்டை. இவற்றில் முதலாவதில்தான் எனக்குச் சிக்கல் வந்தது. செயற்குழு கூடுவதற்குள் அவசரப்பட்டு என் சொந்தப் பெயரில் எடுத்தேன். அடுத்த ஆண்டு பொறுப்பு வேறொருவருக்கு மாறியபோது புதுப்பித்தல் கடிதம் எனக்கே வந்தது, அவருக்கோ உரிமம் இருப்பதே தெரியாது. பள்ளியின் அல்லது சங்கத்தின் பெயரில், பொறுப்பாளர் மாறினாலும் மாறாத ஒரு பொது மின்னஞ்சல் முகவரியில் எடுங்கள். பி.டி.எஃப். கோப்பாக வரும் உரிமத்தை இரண்டு படிகள் அச்சிட்டு, ஒன்றைக் கருவிப் பெட்டியின் மூடியில் உள்பக்கமாக ஒட்டிவிடுங்கள்.

உரிமத்தில் எழுதியிருக்கும் சக்தி வரம்பையும் படியுங்கள்: கையில் பிடிக்கும் மைக்குக்கு 10 மில்லிவாட், உடலில் அணியும் டிரான்ஸ்மிட்டருக்கு, அதாவது ஒலியை அலையாக்கி அனுப்பும் கருவிக்கு, 50 மில்லிவாட். இன்னொரு கண்ணி, கருவி ஒத்திசையும் எல்லையும் உரிமத்தின் எல்லையும் ஒன்றல்ல என்பது. சென்ஹைசர் நிறுவனத்தில் ஜிபி என்று குறிக்கப்படும் கருவி 606 முதல் 648 வரை செல்லும். ஷூர் நிறுவனத்தில் கே3ஈ என்பது 606 முதல் 630 வரை. ஆனால் உங்கள் உரிமம் 613.5இல் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே உள்ளவை தொலைக்காட்சிக்கு இடையிடையே விடப்பட்ட இடங்கள். அவற்றைப் பயன்படுத்த, குறிப்பிட்ட இடத்துக்கும் நேரத்துக்கும் ஆஃப்காம் ஒதுக்கித் தரும் தனி உரிமம் வேண்டும். பெரிய அரங்கில் பன்னிரண்டு மைக்குகளுடன் நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு அது தேவைப்படும், நமக்கு அரிதாகவே. தேவைப்பட்டால் அரங்கின் அஞ்சல் குறியீடு, ஒத்திகை தொடங்கும் நேரம் முதல் முடியும் நேரம் வரை, ஒவ்வொரு கருவியும் எட்டக்கூடிய அதிர்வெண் எல்லை ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

உரிமம் வேண்டிய இடத்தில் இல்லாமல் ஒலிபரப்புவது 2006ஆம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டப்படி குற்றம்.

4. வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா

ஆண்டுக்கு இரண்டு நிகழ்ச்சிகள் என்றால் வாடகையே இலாபம். நாங்கள் 38ஆம் சேனல் மைக் ஒன்றுக்கு நாள் வாடகையாக 30 பவுண்டு அளவில் கொடுத்தோம். அதே தரத்தில் சொந்தமாக வாங்கப் போனால் மைக் ஒன்றுக்கு 400 பவுண்டுக்கு மேல் ஆயிற்று. வாரந்தோறும் பயன்படுத்தும் பள்ளியோ கோயிலோ என்றால் வாங்கிவிடலாம்.

வாடகைக்கு எடுக்கும்போது மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்: கருவி எந்த அதிர்வெண் எல்லையில் இயங்குகிறது, எங்கள் நிகழ்ச்சிக்கான உரிமம் யார் பொறுப்பு, அத்தனை மைக்குகளும் ஒரே சமயத்தில் இயங்கும்படி அதிர்வெண்களைப் பொருத்தித் தருவீர்களா. "எல்லாம் செட் செய்துதான் இருக்கும்" என்ற தொலைபேசிப் பதில் பதிலாகாது. எனக்கு ஒருமுறை அப்படி வந்த நான்கு மைக்குகளில் இரண்டு ஒரே அதிர்வெண்ணில் இருந்தன.

மண்டபக்காரர்கள் கேட்கும் தாள்களையும் அப்போதே திரட்டிவிடுங்கள். மின்கருவிகளுக்கான பாட் (PAT) பாதுகாப்புச் சோதனைச் சான்றும், பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் பல மண்டபங்களில் கட்டாயம். அவை இல்லாவிட்டால் உங்கள் ரிசீவரைச் சுவரில் செருக விட மாட்டார்கள். பதிலுக்கு நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: மண்டபத்தின் சொந்தக் கம்பியில்லா மைக்குகள் எந்த அதிர்வெண்களில் இருக்கின்றன, பக்கத்து அறையில் அன்று என்ன நிகழ்ச்சி என்பது.

5. அனலாகா, டிஜிட்டலா: சலங்கையை ஆட்டிப் பாருங்கள்

அனலாக் எஃப்எம் மைக்கால் மனிதக் குரலின் முழு ஏற்ற இறக்கத்தையும் அப்படியே காற்றில் அனுப்ப முடியாது. ஆகவே டிரான்ஸ்மிட்டர் ஒலியை அமுக்கி அனுப்புகிறது. ரிசீவர் அதை மீண்டும் விரிக்கிறது. 100 டெசிபல் ஏற்ற இறக்கம் 50ஆகச் சுருங்கிப் போய், மறுமுனையில் 100ஆக விரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டுக்குக் கம்பாண்டர் என்று பெயர். இதனால் வழியில் சேரும் இரைச்சல் அடங்கிவிடுகிறது. ஆனால் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று துல்லியமாகப் பின்தொடர வேண்டும். சட்டென்று எழுந்து அடங்கும் கூர்மையான ஒலி வரும்போது மலிவான கருவி தடுமாறும். ஒலிக்குப் பின்னால் "உஸ்" என்று ஒரு மூச்சுச் சத்தம் எழுந்து அடங்கும்.

ஒலிப்பொறியாளர்கள் இதைச் சோதிக்கச் சாவிக்கொத்தை மைக்கின் முன் குலுக்குவார்கள். நம்மிடம் அதைவிட நல்ல கருவி இருக்கிறது. ஒரு சலங்கையை எடுத்து, மைக்கிலிருந்து அரை மீட்டர் தள்ளி மெல்ல ஆட்டுங்கள். பிறகு காதை ஒலிபெருக்கியில் வைத்துக் கேளுங்கள். மணிகள் தனித்தனியாகக் கேட்டால் கம்பாண்டர் நன்றாக இருக்கிறது. மணலைச் சல்லடையில் சலிப்பது போல எல்லாம் கலந்து கேட்டால், அந்த மைக்கை அறிவிப்பாளருக்குக் கொடுங்கள், நாட்டிய மேடைக்குக் கொடுக்காதீர்கள். நட்டுவனாரின் தாளத்தையும் இதே வகையில் சோதிக்கலாம்.

இன்னொரு செய்தி: கம்பாண்டர் முறை நிறுவனத்துக்கு நிறுவனம், தொடருக்குத் தொடர் வேறுபடும். ஒரு நிறுவனத்தின் டிரான்ஸ்மிட்டரை இன்னொரு நிறுவனத்தின் ரிசீவரோடு ஒரே அதிர்வெண்ணில் வைத்தால் சத்தம் வரலாம். ஆனால் குரல் குதித்துக் குதித்து, ஓரம் கிழிந்ததுபோல் கேட்கும்.

டிஜிட்டல் கருவியில் கம்பாண்டர் இல்லை. ஒலி எண்களாக மாறிப் போவதால் சலங்கை சலங்கையாகவே கேட்கும். இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, எண்ணாக்கி மீட்க சில மில்லி விநாடிகள் தாமதமாகும். ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது என்பதால், இந்தத் தாமதம் பாடகர் ஒலிபெருக்கியிலிருந்து சில அடி தள்ளி நிற்பதற்குச் சமம். மேடையில் யாரும் உணர மாட்டார்கள். மற்றது சற்றுக் கொடியது. அனலாக் மைக் சிக்னல் குறையும்போது இரைந்து எச்சரிக்கும். டிஜிட்டல் கடைசி வரை தெளிவாக இருந்துவிட்டு, ஒரு நொடியில் ஊமையாகிவிடும். ஆகவே டிஜிட்டலில் காதை நம்பாமல் ரிசீவரின் சிக்னல் அளவியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பணம் இருந்தால் நான் 38ஆம் சேனலில் இயங்கும் டிஜிட்டலையே எடுப்பேன். இல்லையென்றால் நல்ல அனலாக் போதும், 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டலைவிட அது மேல்.

6. அதிர்வெண்களைப் பொருத்துதல்: சம இடைவெளி என்னும் பொறி

மூன்று மைக்குகளை 607, 608, 609 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் ஒழுங்காகத் தெரியும். அதுதான் மிக மோசமான ஏற்பாடு. இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே இயங்கும்போது அவற்றின் அலைகள் கருவிகளின் உள்ளே கலந்து, யாரும் அனுப்பாத புதிய அதிர்வெண்களைப் பெற்றுப் போடுகின்றன. கணக்கு எளிது: ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழியுங்கள். 608ஐ இரட்டித்தால் 1216; அதில் 607ஐக் கழித்தால் 609. அதாவது முதல் இரண்டு மைக்குகளும் சேர்ந்து மூன்றாவது மைக்கின் தலையிலேயே வந்து உட்காருகின்றன. மூன்றாவதை 609.6க்கு நகர்த்திப் பாருங்கள். இரண்டிரண்டாகவும் மூன்றாகவும் கலந்து பிறக்கும் எதுவும் எந்த மைக்குக்கும் 0.6 மெகாஹெர்ட்ஸுக்குள் நெருங்காது. இடைவெளிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

நான்கைந்து மைக்குகளுக்கு மேல் இதைக் கையால் போடுவது வீண் வேலை. கருவித் தயாரிப்பாளர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் அதிர்வெண்களைக் கணக்கிட்டுத் தொகுதிகளாகவே கொடுத்திருக்கிறார்கள். எல்லா மைக்குகளையும் ஒரே தொகுதி எண்ணில், வெவ்வேறு சேனல் எண்களில் வையுங்கள். முதலாவது மைக் முதல் தொகுதியில், இரண்டாவது மைக் இரண்டாவது தொகுதியில் என்று பிரித்து வைப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. வேறு வேறு தொகுதிகளுக்குள் எந்தப் பொருத்தமும் பார்க்கப்பட்டிருக்காது.

மண்டபத்தில் செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் உங்கள் டிரான்ஸ்மிட்டர்கள் எல்லாவற்றையும் அணைத்து, மின்விளக்குகளையும் எல்இடி திரையையும் இயக்குங்கள். எல்இடி திரையை நான் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம், மலிவான திரைகள் இந்த அதிர்வெண் பகுதி முழுவதும் இரைச்சலைத் தெளிக்கின்றன. திரை அணைந்திருக்கும்போது செய்த தேடல் விழாவில் உதவாது. பிறகு ரிசீவரில் ஸ்கேன் செய்து காலியான சேனலை எடுங்கள். அதன் டிரான்ஸ்மிட்டரைப் பொருத்தி, இயக்கியபடியே விட்டுவிடுங்கள். அடுத்த ரிசீவரை ஸ்கேன் செய்யுங்கள். முன்னது இயங்கிக்கொண்டிருந்தால்தான் பின்னது அதைத் தவிர்க்கும். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு மைக்காக அணைத்து, அதன் ரிசீவரில் சிக்னல் விளக்கு இன்னும் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் வேறு யாரோ, அல்லது உங்கள் மைக்குகளின் கலவையே, அங்கே இருக்கிறது என்று பொருள்.

பயன்படுத்தாத மைக்குகளை இயக்கத்திலேயே ஒன்றாகக் குவித்து வைக்காதீர்கள். எங்கள் மேடையோரத்தில் வரவேற்புக்குக் கொண்டுவந்த தாம்பாளம் ஒன்று இருந்தது. தேடாமல் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று தொண்டர் ஒருவர் நான்கு மைக்குகளையும் அதில் அடுக்கி வைத்தார். பித்தளைத் தட்டில் ஒட்டி ஒட்டிக் கிடந்த மைக்குகளைவிட நல்ல கலப்புக் கருவியை யாரும் வடிவமைத்துவிட முடியாது. ஒன்றுக்கொன்று ஒரு கை தூரமாவது தள்ளி, மரமேசையில் வையுங்கள். ஆன்டெனாவிலிருந்து மூன்று மீட்டராவது விலகி இருக்கட்டும். டிரான்ஸ்மிட்டரில் சக்தியைக் குறைக்கும் வசதி இருந்தால், பள்ளி மண்டபத்துக்குக் குறைந்த நிலையே போதும். சக்தியைக் கூட்டினால் கலப்பும் கூடும்.

7. ஆன்டெனாவும் ஒட்டியாணமும்

டிரான்ஸ்மிட்டரை ரிசீவரின் ஆன்டெனா கண்ணால் பார்க்க முடிய வேண்டும். உட்கார்ந்திருக்கும் மக்கள் கூட்டம் அலைக்கு ஒரு தண்ணீர்ச் சுவர். ஆகவே ரிசீவரை இரும்பு அலமாரிக்குள்ளோ மேடையின் கீழோ வைக்காமல், பக்கத் திரைக்கு அருகே தலைக்கு மேலான உயரத்தில் வையுங்கள். இரண்டு ஆன்டெனா இருப்பது அழகுக்காகவன்று: சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால், சற்றுத் தள்ளி இருக்கும் மற்ற ஆன்டெனாவில் அது நிகழாது. 38ஆம் சேனலின் அலைநீளம் சுமார் 49 சென்டிமீட்டர். கால் அலைநீளம், அதாவது 12 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கும்படி, இரண்டையும் வி வடிவில் விரித்து வையுங்கள். ஆன்டெனாவைத் தள்ளி வைக்க நீளமான கேபிள் தேவைப்பட்டால் 50 ஓம் கேபிளே வேண்டும்; மெல்லிய கேபிள் 10 மீட்டரில் சிக்னலில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும்.

நாட்டியத்துக்குப் பெல்ட்டில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர் தரும்போது அதை ஒட்டியாணத்துக்குப் பின்னால் செருகுவார்கள். பார்வைக்கு மறைந்திருக்கும் என்பது உண்மை; ஆனால் உலோகத் தகட்டுக்கும் வியர்த்த முதுகுக்கும் நடுவே சிக்கிய ஆன்டெனாவிலிருந்து எதுவும் வெளியே வராது. ஒட்டியாணத்துக்கு மேலே, இடுப்பின் பின்புறம், துணிப்பை தைத்து அதில் வையுங்கள். ஆன்டெனா மடங்காமல், தோலில் படாமல், நேராகத் தொங்க வேண்டும். வியர்வை உள்ளே போகாதபடி மெல்லிய நீர்புகா உறை போடுங்கள். கையில் பிடிக்கும் மைக்கில் ஆன்டெனா பெரும்பாலும் அடிப்பகுதியில் இருக்கும். அங்கே பொத்திப் பிடிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு ஒத்திகையிலேயே சொல்லிக் கொடுங்கள். தலைப்பகுதியைப் பொத்தினாலோ ஒலி குகைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகி, ஊளையிடத் தொடங்கும்.

8. ஒலி அளவை டிரான்ஸ்மிட்டரிலிருந்து தொடங்குங்கள்

குரல் கிழிகிறது என்றால் எல்லோரும், எல்லா மைக்குகளின் ஒலியும் வந்து சேரும் மிக்சரைத்தான் திருகுகிறார்கள். டிரான்ஸ்மிட்டரிலேயே கிழிந்த ஒலியை மிக்சரால் தைக்க முடியாது.

மேடையில் அதிகச் சத்தமாகப் பேசப் போகிறவரை, பேசப் போகும் அளவுக்கே பேசச் சொல்லுங்கள். "ஹலோ, ஒன்று, இரண்டு" என்று முணுமுணுத்தால் பயனில்லை. டிரான்ஸ்மிட்டரின் உச்ச விளக்கு எப்போதாவது மட்டும் மின்னும் வரை அதன் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றி, பிறகு சற்று இறக்குங்கள். அளவு கூடினால் ஒலி வெட்டுப்படும்; மிகக் குறைந்தால் எஃப்எம்மின் இரைச்சலுக்கு மேலே குரல் எழும்பாது, பிறகு மிக்சரில் ஏற்றும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறும். அதன் பின் ரிசீவரின் வெளியீடு மைக் அளவிலா (மெலிந்த சிக்னல்) லைன் அளவிலா (வலுத்த சிக்னல்) என்று பார்த்து மிக்சரின் உள்ளீட்டோடு பொருத்துங்கள். கடைசியாகத்தான் மிக்சரின் கெயின். மென்குரல் சிறுமிக்கும் கணீரென்ற நடுவருக்கும் ஒரே அமைப்பு ஒத்துவராது. இரண்டு மைக்குகளில் நிறப்பட்டை ஒட்டி, உரத்த குரலுக்கு ஒன்று, மென்குரலுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள்.

9. ஸ்குவெல்ச்

மைக்கின் சிக்னல் இல்லாதபோது ரிசீவரின் வாயை அடைக்கும் கதவு இது. வரம்பைக் கூட்டினால் தூரம் குறையும். குறைத்தால் அந்நிய ஒலி நுழையும். தொழிற்சாலை அமைப்பிலேயே விடுங்கள். பல கருவிகளில் டிரான்ஸ்மிட்டர் 32 கிலோஹெர்ட்ஸ் அளவில், காதுக்கு எட்டாத ஓர் அடையாள ஒலியையும் சேர்த்து அனுப்பும். அது இல்லாத எதற்கும் ரிசீவர் திறக்காது. அந்த வசதியை அணைக்காதீர்கள். எஃப்எம்மில் வலுத்த சிக்னலே முழுவதுமாக வெல்லும் என்பதால், உங்கள் மைக்கை நடுவில் அணைத்தால் பக்கத்து மண்டபத்தின் பிரார்த்தனை உங்கள் ஒலிபெருக்கியில் வரக்கூடும். நிகழ்ச்சி முடியும்வரை மைக்கை அணைக்காமல் மியூட் மட்டும் செய்யுங்கள், மிக்சரிலும் இறக்கிவிடுங்கள்.

10. விழா நாளின் நேரக்கணக்கு

கதவு திறப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே மண்டபத்தில் இருங்கள். இரண்டு மணி நேரம் அடுக்குவதற்கும் ஸ்கேன் செய்வதற்கும் போய்விடும். மீதி நேரத்தில் நடைச் சோதனை: எல்லா மைக்குகளும் இயங்கிக்கொண்டிருக்க, ஒருவர் ஒரு மைக்குடன் மேடையின் நான்கு மூலைகளுக்கும், ஒப்பனை அறை வாசலுக்கும், நடு நடையில் கடைசி வரிசை வரைக்கும் விடாமல் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். நீங்கள் சிக்னல் அளவியைப் பார்த்துக்கொண்டிருங்கள். அறும் இடம் ஏதாவது இருந்தால், ஆன்டெனாவை ஒரு முழம் நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மின்கலங்களைக் கதவு திறக்கும்போது புதிதாகப் போடுங்கள், இடைவேளையில் பாதி தீர்ந்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். மீள்மின்னேற்றும் கலம் 1.2 வோல்ட் என்பதால், அதற்கான அமைப்பு இல்லாத கருவிகளில் அளவி பொய் சொல்லும். மண்டபம் நிறைந்தபின், முதல் நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன், அளவிகளை இன்னொரு முறை பாருங்கள். காலையில் இல்லாத இரைச்சல் தெரிந்தால் மாற்று அதிர்வெண்ணுக்குப் போக இதுவே கடைசி வாய்ப்பு. அந்த மாற்று எண்ணை முன்கூட்டியே தாளில் எழுதி ரிசீவரின் மேல் ஒட்டி வைத்திருக்க வேண்டும். கம்பி மைக் ஒன்று, இருபது மீட்டர் கேபிளுடன், மேடையோரத்தில் எப்போதும் தயாராக இருக்கட்டும்; அடுத்த ஆண்டு அந்தச் சிறுமி பேச வந்தபோது நான் அதைத்தான் அவளுக்கு வைத்திருந்தேன். அவள் கம்பியைப் பார்த்துவிட்டு, "இது வேலை செய்யுமா மாமா?" என்று கேட்டாள்.

விழா முடிந்ததும் மின்கலங்களைக் கழற்றி எடுங்கள்; கசிந்த கலம் டிரான்ஸ்மிட்டரைத் தின்றுவிடும். அன்று பயன்படுத்திய அதிர்வெண்கள், தொகுதி எண், அறுந்த இடங்கள், உரிமம் முடியும் தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, பெட்டி மூடியில் உரிமத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் பூட்டுங்கள்.